பட்டறைக் கேள்விகள்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கிரவுன் பினியன்?

என்னிடம் 1970 மாடல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இருக்கிறது. இன்ஜின் 1296 சி.சி. முன்பு வைத்திருந்தவர், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உடைந்தபோது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் டிஃபரன்ஷியலை மாட்டிவிட்டார். ஊருக்குள் நன்றாக இழுக்கிறது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90-ஐத் தொட்டால் இன்ஜின் கதறுகிறது. மாதம் இருமுறை புதுச்சேரி போய்வருவேன். எந்த ரேஷியோ போடலாம்?
*வாசகர், ஆழ்வார்பேட்டை*

சென்னையில் இது அடிக்கடி நடப்பதுதான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1960-களில் இங்கே சென்னையிலேயே தயாரான வண்டி. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்ததுதான். அதனால் ஒன்றின் டிஃபரன்ஷியல் மற்றதில் உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பற்களின் கணக்கு வேறு. பினியன் என்பது இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம், கிரவுன் அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம். கிரவுன் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று என்பதுதான் ரேஷியோ. 948 சி.சி. ஹெரால்டுக்குக் கொடுத்தது 4.875, அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல். உங்கள் மார்க் 3 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தது 4.11, அதாவது 9-க்கு 37. சின்ன இன்ஜின் நாலு பேரை இழுப்பதற்காகப் போட்ட பல்லை வைத்துக்கொண்டு நீங்கள் புதுச்சேரி போகிறீர்கள்.

யார் சொல்வதையும் கேட்டு ரேஷியோ வாங்காதீர்கள். முதலில் உங்கள் டயரை அளந்துகொள்ளுங்கள். பின் டயரில் காற்றைச் சரியாக அடித்து, வழக்கம்போல ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை நேராகத் தள்ளி, சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றியதும் தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 145/80 ஆர் 13 டயருக்குச் சுமார் 1.71 மீட்டர் வரும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 1.77 என்று காட்டும். பாரத்தில் டயர் அமுங்குவதால் வரும் வித்தியாசம் அது. அளந்த எண்ணையே நம்புங்கள்.

அந்த எண்ணை 60-ஆல் பெருக்கி, டிஃபரன்ஷியல் ரேஷியோவால் வகுத்தால் டாப் கியரில் 1000 ஆர்.பி.எம்.முக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று வரும். மற்ற கியர்களுக்கு அந்தக் கியரின் ரேஷியோவாலும் ஒருமுறை வகுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு டாப் கியரில் கணக்கு இப்படி:

4.875: 1000-க்கு 21 கி.மீ.; 100 கி.மீ. வேகத்தில் 4750 ஆர்.பி.எம்.
4.11: 25 கி.மீ.; 4000
3.89: 26.4 கி.மீ.; 3790
3.63: 28.2 கி.மீ.; 3545
3.27: 31.4 கி.மீ.; 3190

90-லேயே உங்கள் இன்ஜின் 4275-ல் ஓடுகிறது. கதறாமல் என்ன செய்யும்?

இதைப் பார்த்ததும் 3.27 மீது ஆசை வரும். வேண்டாம். அது டிரையம்ப் ஜி.டி.6 காரின் 2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு வந்த பல். உங்கள் 1296-ன் முறுக்கு விசை உச்சத்துக்கு வருவது 4000 ஆர்.பி.எம். அளவில். 3.27 போட்டால் 80-ல் 2550-தான் இருக்கும். எதிரே கடற்காற்று அடித்தால், சின்ன மேம்பாலம் வந்தால், மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். டாப் கியரைவிட மூன்றாவதில் வேகம் அதிகம் என்ற நிலைமை வந்துவிடும். இன்னொரு தொல்லை ஊருக்குள் இருக்கிறது. மார்க் 3-ன் முதல் கியர் 3.75. ஆயிரம் ஆர்.பி.எம்.மில் 4.11 இருந்தால் வண்டி 6.7 கி.மீ. வேகத்தில் ஊரும், 3.27 இருந்தால் 8.4. கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு அந்த வேகத்துக்கு இடமே இருக்காது. வித்தியாசத்தை முழுக்கக் கிளட்ச்தான் தேய்ந்து ஈடுகட்டும்.

உங்களுக்கு 3.89 சரி. தொழிற்சாலை கொடுத்த 4.11-ஐவிட இழுவை 5.4 சதவீதம்தான் குறையும். இன்ஜின் அதைத் தாங்கும். இதோடு டயர் மாற்றும்போது 155/80 ஆர் 13 போட்டால் சுற்றளவு கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடி, 100-ல் 3685-க்கு இறங்கிவிடும். 185/60 ஆர் 13 அழகாக இருக்கும் என்று போட்டுவிடாதீர்கள். அது 145/80-ஐவிட உயரம் குறைந்த டயர், பல் மாற்றிச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓடும் என்றால் மட்டும் 3.63-ஐ யோசிக்கலாம்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 4.875-லிருந்து 3.89-க்குப் போகும்போது இழுவை 20 சதவீதம் குறையும். முதல் வாரம் வண்டி சோம்பலாகிவிட்டதுபோலத் தோன்றும். அது கோளாறு இல்லை.

கழற்றும்போது கவனம். ஸ்பிட்ஃபயரில் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் டிஃபரன்ஷியலின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கண்ணின் போல்ட்டைக் கழற்றுமுன் அந்தப் பக்கத்து ஹப்பின் அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் விசையோடு கீழே அடிக்கும், கை போய்விடும். புது டிஃபரன்ஷியலை ஏற்றுமுன் ஃபிளேஞ்சுகளின், அதாவது ஷாஃப்டை மாட்டும் வட்டத் தட்டுகளின், போல்ட் துளைகளைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஆரம்பகால ஹெரால்டு ஃபிளேஞ்சுகள் சில சிறியவை.

புதுப்பேட்டையில் ஸ்பிட்ஃபயர் டிஃபரன்ஷியல் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் "ஹை ரேஷியோ சார், 3.89" என்கிறார். திறக்காமல் எப்படி உறுதி செய்வது? வேறு என்ன பார்க்க வேண்டும்?
*வாசகர், நங்கநல்லூர்*

"ஹை", "லோ" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஒருவர் எண் பெரிதானால் ஹை என்பார். இன்னொருவர் வேகம் கூடினால் ஹை என்பார். இரண்டும் நேர் எதிர். எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். பல் எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

தனியாகக் கிடக்கும் டிஃபரன்ஷியலில் ஒரு பக்கத்து ஆக்சில் ஃபிளேஞ்சை நகராமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நின்றால் கிரவுன் பாதிதான் சுற்றும். அதாவது 10 சுற்று. அந்த நேரத்தில் பினியன் ஃபிளேஞ்ச் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒருவர் எண்ண வேண்டும். 41-க்குச் சற்று மேல் வந்தால் 4.11. 39-ஐத் தொடாமல் நின்றால் 3.89. 36-க்குச் சற்று மேல் என்றால் 3.63. 48-ஐத் தாண்டி முக்கால் சுற்று என்றால் அது ஹெரால்டின் 4.875. இரண்டு சுற்று மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு "நாலுக்குக் கொஞ்சம் கம்மி" என்று முடிவுகட்டுவதால்தான் 4.11-ம் 3.89-ம் குழம்பிப்போகின்றன.

வண்டியிலேயே பார்ப்பதானாலும் இதே வழிதான். கியர் நியூட்ரலில், முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட்பிரேக் தளர்ந்து, ஒரு பின் சக்கரம் மட்டும் தூக்கி ஸ்டாண்டில். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது.

ரேஷியோ சரியாக இருந்தால் மட்டும் போதாது. காசு கொடுக்குமுன் பின் மூடியைத் திறந்து பார்க்கச் சம்மதிக்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் வந்துவிடுங்கள். உள்ளே டார்ச் அடித்து, பினியனை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் பார்க்க வேண்டும். நல்ல பல் மங்கிய சாம்பல் நிறத்தில், நகத்தால் வருடினால் வழுக்கிக்கொண்டு போகும். நகம் சிக்கினால் குழி விழுந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியது.

நம் ஊருக்கே உரிய ஒரு குறை உண்டு. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டியின் டிஃபரன்ஷியலுக்குள் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் இறங்கும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அது அடியில் தங்கும். வண்டி மாதக்கணக்கில் நகராமல் நின்றால், அடியில் இருந்த நாலைந்து பல் மட்டும் துருவேறி, மற்றவை பளபளவென்று இருக்கும். மேலாகப் பார்த்தால் தெரியாது. முழுச் சுற்றும் சுற்றினால்தான் தெரியும். அந்தத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒருமுறை கர்ரென்று குரல் கொடுக்கும்.

கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உராயவிட்டு இழைத்திருப்பார்கள். ஒன்றின் கிரவுன், மற்றொன்றின் பினியன் என்று சேர்த்தால் எந்த மெக்கானிக்காலும் சத்தத்தை நிறுத்த முடியாது.

எம்.ஜி.பி. 1800, ஓவர்டிரைவ் உள்ளது. வி8 மாடலின் 3.07 போட்டால் பெங்களூருக்குப் போக அருமையாக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
*வாசகர், மயிலாப்பூர்*

வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது 3.909. 165/80 ஆர் 14 டயரில் டாப் கியரில் 1000-க்கு 29 கி.மீ. ஓவர்டிரைவ் என்பது டாப் கியருக்கும் மேல் ஒரு கூடுதல் கியர். அதைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று 0.82 மடங்காகக் குறையும், 1000-க்கு 35 கி.மீ.யைத் தாண்டிவிடும். அதாவது 100-ல் 2830 ஆர்.பி.எம்.தான். 3.07 போட்டு ஓவர்டிரைவும் போட்டால் 100-ல் 2220. மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு அது நடை. 1800-க்கு அது திணறல். ஓவர்டிரைவைப் பயன்படுத்தவே முடியாது.

டிஃபரன்ஷியல், ஓவர்டிரைவ் இரண்டில் ஒன்றைத்தான் நீட்ட வேண்டும். ஓவர்டிரைவ் இருக்கிற வண்டிக்கு டிஃபரன்ஷியலைத் தொடாமல் விடுவதே நல்லது. ஊருக்குள் முழு இழுவை, வெளியே வந்ததும் ஒரு சுவிட்ச். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஓவர்டிரைவ் சரியாக ஏறாமல் இருப்பதால்தான் இந்த யோசனையே வந்தது என்றால், முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவையும் ஓவர்டிரைவை இயக்கும் சாலினாய்டுக்கு வரும் மின் இணைப்பையும் பாருங்கள்.

என் வண்டிக்குப் புதுக் கிரவுன் பினியன் வாங்கிப் போட்டேன். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 50-லிருந்து 70 வரை ஊளையிடுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார் மெக்கானிக். உண்மையா?
*வாசகர், பெரம்பூர்*

சரியாகாது. ஊளையிடும் பல் ஊளையிட்டுக்கொண்டே தேயும். இனி ஒரு நாளும் ஓட்டாமல் கழற்றுங்கள்.

கால் வைத்தால் சத்தம், எடுத்தால் நிற்கிறது என்றால் பல்லின் இழுக்கும் பக்கம் சரியாகப் பொருந்தவில்லை. காலை எடுத்தாலும் வைத்தாலும் மாறாத முழக்கம் என்றால் பேரிங். புறப்படும்போது டங்கென்று ஒரு அடி என்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு போயிருக்கும். உங்களுடையது முதல் வகை. பெரும்பாலும் பினியன் உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடான பழைய ஷிம்மையே புதுப் பினியனுக்கும் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பினியனுக்கும் உயரம் நூலிழை மாறும். ஷிம் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் பினியன் உயரம், பிறகு பினியன் பேரிங் இறுக்கம், பிறகு கிரவுனின் இடைவெளி, கடைசியில் சாயம் பூசிப் பார்ப்பது.

பேரிங் இறுக்கத்தை ஸ்பிட்ஃபயர் வகை டிஃபரன்ஷியலில் எண்ணெய் சீல் போடாமல் அளக்க வேண்டும், 1.4 முதல் 1.8 நியூட்டன் மீட்டர். அதற்குத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பினியன் ஃபிளேஞ்சைச் சுற்றி நூல்கயிறு சுற்றி, நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, சீராக இழுங்கள். ஃபிளேஞ்சின் ஆரம் 4 செ.மீ. என்றால் சுற்றிக்கொண்டிருக்கும்போது தராசு மூன்றரை கிலோவிலிருந்து நாலரை கிலோ வரை காட்ட வேண்டும். கிளம்பும்போது காட்டும் எண் கூடுதலாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நசுங்கும் ஸ்பேசர் உள்ள டிஃபரன்ஷியல்களில் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இறுக்கி அளக்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. ஸ்பேசர் நசுங்கியது நசுங்கியதுதான். புதிது போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். தளர்ந்த பினியன் ஆயிரம் கிலோமீட்டருக்குள் சத்தம் போடத் தொடங்கும்.

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே ஆட்டம் 0.10 முதல் 0.15 மி.மீ. பினியனைப் பிடித்துக்கொண்டு, டயல் கேஜின் முனை கிரவுன் பல்லின் வெளிமுனையில் செங்குத்தாகப் படும்படி வைத்து, நாலு இடத்தில் அளக்க வேண்டும். நாலிலும் நாலு விதமாக வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கிரவுனுக்கும் அதைத் தாங்கும் கேரியருக்கும் நடுவில் ஒரு துளி உலோகத் தூள் மாட்டிக்கொண்டிருந்தாலே போதும். கழற்றித் துடைத்து, விளிம்பில் இருக்கும் பிசிறை எண்ணெய்க் கல்லால் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தாலோ கிரவுனிலேயே பொறித்திருந்தாலோ அதுவே சரி.

இனி சாயம். பிரஷ்யன் நீலத்தை எட்டுப் பத்துப் பல்லில் மெல்லியதாகப் பூசுங்கள். ஒருவர் கிரவுனை மரக்கட்டையால் அழுத்திச் சுற்றவிடாமல் தடுக்க, மற்றவர் பினியனை இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். தடுக்காமல் சுற்றினால் விழும் தடம் பொய் சொல்லும். நல்ல தடம் பல்லின் நடுவில், உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, மேலும் கீழும் ஓரத்தைத் தொடாமல் நீள்வட்டமாக இருக்கும்.

தடம் பல்லின் நுனியோரமாக மேலே ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது. ஷிம் சேர்த்து உள்ளே தள்ளுங்கள். அடியில் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம் குறையுங்கள். தடம் உள்முனையில் குவிந்தால் கிரவுனைப் பினியனைவிட்டு விலக்குங்கள். வெளிமுனையில் குவிந்தால் நெருக்குங்கள். ஷிம்மை 0.05 மி.மீ. மாற்றினாலே தடம் கண்ணுக்குத் தெரிய நகரும். பினியனை நகர்த்திய ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். ஒன்று மாறினால் மற்றதும் மாறும். ஐந்தாறு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலை. "ரெண்டு மணி நேரத்தில் முடிச்சுத் தரேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சரியாக அமைந்த பிறகு முதல் ஓட்டம் 20 கி.மீ. நிதானமாக, நிறுத்தி, கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி 20. முதல் 500 கி.மீ.யில் முழுக்க மிதிக்கவோ ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவோ வேண்டாம். 800 கி.மீ.யில் எண்ணெயை வடித்து மாற்றுங்கள்.

எம்.ஜி. மிட்ஜெட் 1275. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓட்ட ஆசை, குடும்பத்தோடு ஏற்காடும் போக வேண்டும். 3.9, 4.22 இரண்டும் கைவசம் உண்டு. எதைப் போடலாம்?
*வாசகர், அம்பத்தூர்*

இரண்டும் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றை விற்காதீர்கள். மிட்ஜெட்டின் பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் முன்பக்கமாக முழுசாக வெளியே வரும். எண்ணெயை வடித்து, டிரம்மைக் கழற்றி, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் போதும். பல் அமைப்பைத் தொடவே வேண்டாம். அரை நாளில் மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் காகித கேஸ்கெட்டுகள் புதிது.

இருங்காட்டுக்கோட்டை 3.717 கி.மீ. தடம், 12 வளைவு. வளைவிலிருந்து வெளியே வரும் வேகம்தான் அங்கே நேரத்தைத் தீர்மானிக்கும். 4.22 போடுங்கள், 3.9-ஐவிட இழுவை 8 சதவீதம் அதிகம். நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும் இடத்தில் டேக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றால் ரேஷியோ சரி. ஏற்காட்டுக்கு 3.9 போதும். மலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் எப்படியும் முதல், இரண்டாவது கியரில்தான். அதுவரை போகும் 300-க்கும் மேற்பட்ட கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் 3.9 உங்கள் காதைக் காப்பாற்றும்.

4.11-லிருந்து 3.63-க்கு மாற்றினேன். ஸ்பீடோமீட்டரை என்ன செய்வது?
*வாசகர், வேளச்சேரி*

கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் அதற்கு டிஃபரன்ஷியல் மாறியது தெரியாது. இப்போது உங்கள் முள் கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. முள் 60-ல் நிற்கும்போது உண்மையில் 68 போகிறீர்கள். சென்னை நகருக்குள் கார்களுக்கு வேக வரம்பே 60-தான்.

மைல் காட்டும் ஸ்மித்ஸ் மீட்டராக இருந்தால் முகப்பில் சின்னதாக ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஓர் அட்டை அம்பை ஒட்டி, கியரை நியூட்ரலில் வைத்து வண்டியை நேராக 16 மீட்டர் 9 செ.மீ. தள்ளுங்கள். அம்பு சுற்றிய எண்ணிக்கையை நூறால் பெருக்கினால் உங்கள் வண்டிக்கு வேண்டிய எண் கிடைக்கும். அதைக் குறித்துக் கொடுத்தால் மீட்டர் பழுதுபார்ப்பவர் மாற்றித் தருவார். அதுவரை கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் ஊற்றலாமா?
*வாசகர், தாம்பரம்*

கூடாது. கிரவுன் பினியனில் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். இ.பி. 90, ஜி.எல். 5 தரம் வேண்டும். அதே ஜி.எல். 5-ஐப் பழைய கியர்பாக்ஸில் ஊற்றினால் சில வகைகளில் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். அங்கே கையேடு சொல்வதை மட்டும் ஊற்றுங்கள். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு டிஃபரன்ஷியலுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல், 0.57 லிட்டர். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்புவரை வந்ததும் நிறுத்தி, மிச்சம் வழிந்து முடிந்த பிறகு மூடியைப் போடுங்கள். அதற்கு மேல் திணித்தால் சீல் வழியாக வெளியேதான் கசியும்.